பாழ்ச்சாவடியிற் பழிகொள்ளும் பேய்

வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடம் பாழ்படுமாயின் அங்கே பேய் குடிபுகும் என்பது உலகம் எங்கணும் காணப்படும் நம்பிக்கை. ஐரோப்பியக் கதைகளில் அது ஊர்ப்புறத்து மதுச்சாலை. சீனத்துப் பூ சொங்லிங் (1640–1715) எழுதிய கதைகளிற் கைவிடப்பட்ட ஆலயம். தமிழ்க் கதைகளிற் சாவடி, மண்டபம், சத்திரம். ஈழத்து ஊர்களில் மடமும் தவறணையும் இவ்வரிசையிற் சேரும். (தவறணை என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். 'தவறு' என்பதனோடு அதற்கு உறவேதும் இல்லை. ஆயினும் செவிக்கு உறவுடையதுபோல் ஒலிப்பது ஒரு வேடிக்கையே.) வன்னிப் பெருநிலத்தில் இந்நம்பிக்கைக்கு இடம் மிகுதி. குளத்தைச் சார்ந்து தோன்றிக் குளம் உடைப்பெடுத்தபோதோ நோய் பரவியபோதோ கைவிடப்பட்ட குடியிருப்புகள் அங்குப் பல. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைப் புரட்டுவோர், ஆளற்றுப்போன ஊர்களின் பெயர்களை அடுக்கடுக்காய்க் காண்பர்.

இருளும் தனிமையும் குடிமயக்கமும் சேர்ந்து பேயைப் படைத்தன என்பது எளிதான விளக்கம். அது பொய்யன்று, போதியதுமன்று. இருளும் தனிமையும் வயல்வெளியிலும் உள. ஆயினும் கதைகளின் பேய் வயலை விட்டுச் சாவடியையே நாடுகிறது. ஏன் என்னும் வினாவைத் தமிழ் விமர்சனம் எழுப்பியதில்லை. முற்போக்கு விமர்சனம் பேய்க்கதையை மூடநம்பிக்கையின் எச்சமென ஒதுக்கிற்று. வார இதழ்களும் திரைப்படமும் அதனை மயிர்க்கூச்செறியும் சரக்காக்கி விற்றன. புதுமைப்பித்தன் ஒருவரே 'காஞ்சனை'யில் நம்பிக்கைக்கும் ஐயத்துக்கும் நடுவே வாசகனை நிறுத்தி, அவ்விரு முகாம்களுக்கும் அகப்படாது தப்பினார். பேய் என்ன கேட்கிறது, யாரிடம் கேட்கிறது என்பதை ஆராய்வதற்கு அவரும் நிற்கவில்லை. அது அவர் நோக்கமும் அன்று.

தமிழ் நாவலர் சரிதையிலும் பின்னர் வினோதரசமஞ்சரியிலும் பேசப்படும் ஒளவையார் கதை இவ்வினாவுக்கு ஏற்ற தொடக்கம். அரசகுமாரி ஒருத்தி வழிச்சென்ற அரசகுமாரன் ஒருவனைக் கண்டு காதலுற்று, ஊர்ப்புறத்துச் சாவடிக்கு வருமாறு ஓலை விடுக்கிறாள். அவனோ எழுத்தறியாதவன். தெருவிற் கண்ட தொழுநோயாளன் ஒருவனிடம் அதனைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறான். படித்தவன் பொருளை மறைத்து, உயிருக்கு ஆபத்து என்று அச்சுறுத்தி அவனை ஓடச் செய்துவிட்டுத் தானே சாவடிக்குச் செல்கிறான். அங்கே வந்து ஏமாற்றத்தை உணர்ந்த பெண் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். பேயாகி அவ்விடத்தைப் பற்றிக்கொள்கிறாள். அன்று முதல் அங்கே இரவு தங்குவோரை அப்பேய் வதைக்கிறது. நடந்து களைத்த ஒளவை, ஊரார் தடுத்தும் கேளாது, அங்கேயே படுத்துறங்குகிறாள். யாமந்தோறும் பேய் வருகிறது. யாமந்தோறும் ஒளவை ஒரு வெண்பாவால் அதனை எதிர்கொள்கிறாள்.

இக்கதையின் நுட்பம் பாட்டினால் பேய் அடங்கிற்று என்பதில் இல்லை. மந்திரத்தாற் பேயோட்டும் கதைகள் மலிந்த நாட்டில் அது புதுமையுமன்று. முதற்பாடலிலேயே ஒளவை, வெண்பாவைக் கேட்டும் கற்கமாட்டாதவனையும் ஓலையில் எழுதத் தெரியாதவனையும் பெற்றவளைப் போய்த் தாக்குமாறு பேயை ஏவுகிறாள். பேயின் வரலாறு ஒளவைக்கு அப்பொழுது தெரியாது. ஆயினும் அவ்வரலாற்றின் வேரில் இருந்தது எழுத்தறியாமையே. எழுதப்பட்ட ஓலை படிக்கப்படாமற் போனதே அப்பெண்ணின் சாவுக்குக் காரணம். தன்னை அறியாத ஒருத்தியின் வாயிலிருந்து தன் வழக்கே வெளிப்படக் கேட்ட பேய், கைநீட்டுவதை விட்டுக் கதை சொல்லத் தொடங்குகிறது. அதுகாறும் அங்கே தங்கியோர் யாவரும் அஞ்சினர் அல்லது மாண்டனர், ஒருவரும் கேட்கவில்லை. பழிவாங்கல் எனத் தோன்றியது உண்மையிற் படிக்கப்படாத ஓலையின் தொடர்ச்சியே.

அவ்வழக்கு ஏன் அரண்மனையிற் சொல்லப்படவில்லை? சொல்ல இயலாது. குலப்பெண் ஒருத்தி ஊர்ப்புறச் சாவடியில் ஆடவனைச் சந்திக்கச் சென்றாள் என்பதே உறவினர் காதுக்கு முதலாவதாக எட்டும் செய்தி. வழிப்போக்கரோ வழக்கிற் பக்கமில்லாதவர், பெண்ணின் குலமும் மானமும் அவருக்கு ஒரு பொருட்டல்ல, காலையிற் போய்விடுபவர். வீட்டிற் சொல்லமுடியாததைச் சொல்வதற்குப் பேய் தேர்ந்த இடம் சாவடி. கதைகளின் பேய் வயலில் நில்லாது வழித்தங்கலை நாடுவதன் காரணம் இதுவே எனலாம்.

யப்பானிய நோ நாடகம் இவ்வமைப்பையே கலைவடிவாக உயர்த்தியது. செயாமி (1363–1443) காலத்தில் நிறைவெய்திய அவ்வடிவிற் பெரும்பாலும் அலைந்து திரியும் துறவி ஒருவன் பாழிடம் ஒன்றை அடைகிறான். உள்ளூர்ப் பெண்ணொருத்தி அவ்விடத்தின் பழங்கதையைச் சொல்கிறாள். சொன்னவளே அக்கதைக்குரிய ஆவி என்பது பின்னர் புலனாகிறது. துறவி அவளை விரட்டுவதில்லை, இரவெல்லாம் விழித்திருந்து அவள் நடனத்தைக் காண்கிறான், வேண்டுதல் செய்கிறான், விடிகிறது. ஒளவையின் சாவடியைப் பார்த்து அவர்கள் எழுதினர் என்றோ மாறாகவோ கொள்வதற்கு இடமில்லை. ஒத்த தேவை ஒத்த வடிவைத் தந்தது என்பதே பொருந்தும்.

பழையனூர் நீலியின் கதை இதற்கு நேர்மாறானது. கதைவடிவங்கள் பலவாயினும் எலும்புக்கூடு ஒன்றே. கணவனாற் கொல்லப்பட்ட பெண் நீலிப்பேயாகிறாள். கொன்றவன் மறுபிறவியில் வணிகனாகிப் பழையனூர் வழியே வருகிறான். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிற் சுமந்து, தன்னைக் கைவிட்ட கணவன் இவனே என்று வேளாளர் எழுபதின்மர் முன் அவள் முறையிடுகிறாள். இவள் பேய், என்னைக் கொல்வாள் என்று அவன் கதறுவதை அவர்கள் ஏற்கவில்லை. அவனுக்குத் தீங்கு நேரின் தாம் உயிர்விடுவதாக வாக்களித்து இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். அவன் காப்பாக வைத்திருந்த வாளையும் அவள் அழுதே வாங்குவிக்கிறாள். விடியும்போது அவன் பிணம், எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். 7ஆம் நூற்றாண்டிற் சம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைக் குறிப்பாற் சுட்டுவதால் அப்பொழுதே இக்கதை ஊரறிந்ததாய் இருந்தமை தெளிவு.

சைவ மரபு இக்கதையை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகப் போற்றுகிறது. அவர்கள் தீப்பாய்ந்த இடத்திற் சாட்சிபூதேசுவரர் கோயிலும் உண்டு. வாய்மை தவறாமை பெரிதுதான். ஆனால், கதையைச் சற்றே நின்று நோக்குவோர்க்கு வேறொன்று தோன்றும். கொலையுண்ட பெண் அம்மன்றத்திலே தான் கொலையுண்டதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருப்பின் வழக்கு நில்லாது. முற்பிறவிக் கொலையை விசாரிக்கும் மன்றம் எங்கும் இல்லை. ஆகவே மன்றம் நம்பக்கூடிய பொய்யை அவள் தேர்ந்தாள். கைவிடப்பட்ட மனைவியின் கண்ணீர் மன்றத்துக்குப் பழக்கமான ஒன்று. கொல்லப்பட்ட மனைவியின் குரல் பழக்கமற்றது. பொய்க்கு நீதி கிடைத்தது, மெய்க்குக் கிடைத்திராது. பிற்காலத் தமிழ் வழக்கோ 'நீலிக்கண்ணீர்' என்று போலி அழுகைக்குப் பெயரிட்டு, முதற்கொலையை அடியோடு மறந்துவிட்டது. கொன்றவனின் பெயர் எந்தப் பழமொழியிலும் ஏறவில்லை.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் ஆசிரியர் இவ்விடத்திற் பெரும்பாய்ச்சல் ஒன்று பாய்ந்துள்ளார். சமண முனிவரை அச்சுறுத்தச் சென்ற பழையனூர் நீலி அவரிடம் தோற்று, அறங்கேட்டு, பின்னர் பௌத்தரோடும் பிறரோடும் வாதம் புரியும் தருக்கவாதியாகிறாள். சமயப் பிரசாரம் என இதனைத் தள்ளுவது எளிது. எனினும் மன்றத்திற் பொய்யழுகையே கருவியாய் இருந்தவளுக்கு அளவைநூலைக் கையிற் கொடுத்த கவியின் துணிவு மனங்கொளத்தக்கது. நீலி நடமாடிய அதே ஆலங்காட்டிலேதான், கணவன் அஞ்சி ஒதுங்கியபின் தசையுதறிப் பேயுருவேற்ற காரைக்காலம்மையார் இறைவன் ஆடலைக் கண்டு பாடினார் என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது. ஒரு காட்டிற் பேயான பெண்கள் இருவர். ஒருத்திக்குக் கேட்பவன் கிடைத்தான், மற்றவளுக்குக் கிடைக்கவில்லை.

தமிழகத்துச் சாவடியிலிருந்தும் மன்றத்திலிருந்தும் வன்னிக்கு வரின், கதையின் போக்கு மாறுகிறது. தலைவர் மாண்டபின் உயிர்நீத்த வன்னிய மகளிர் நாச்சிமார் எனத் தெய்வமாயினர் என்னும் ஐதிகம் அங்கு வழங்குகிறது. கொடுஞ்சாவு எய்திய பெண்ணைப் பேயாக்கி அஞ்சுவதற்குப் பதிலாக மரத்தடியில் இடங்கொடுத்து வழிபடுதல் அதன் சாரம். (பிள்ளைப்பேற்றில் இறந்தவளுக்கு இக்கருணை காட்டப்படவில்லை, அவள் கொத்தி எனும் பேயாகவே எஞ்சினாள். நாட்டார் மனம் எப்போதும் நியாயமாய் நடந்ததென்று சொல்வதற்கில்லை.) எனினும் இம்மரபின் மிகப் பெரிய சான்று நந்திக்கடலோரத்து வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் ஐதிகமே.

மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாதவளாய் ஈழத்துக்கு வந்து இடந்தோறும் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமே 'பத்தாம்பளை'யாகிப் பின்னர் வற்றாப்பளையாயிற்று என்றும் ஊரார் கூறுவர். சொல்லாராய்ச்சி இதனை ஏற்குமா என்பது வேறு. தங்குமிடங்களை எண்ணியே ஓர் ஊருக்குப் பெயரிட்ட கற்பனைதான் இங்கு வேண்டற்பாலது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவரிடம் கிழவி ஒருத்தி வருகிறாள். தங்க இடமும் உண்ண உணவும் கேட்கிறாள். அவர்கள் இலைதழை கொண்டு கொட்டில் அமைத்துப் பொங்கிப் படைக்கின்றனர். பொழுதுபடுகிறது; விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுக என்கிறாள், விளக்கு எரிகிறது. பின்னர் தலையிற் பேன் பார்க்குமாறு கேட்கிறாள். மயிரை விலக்கிய சிறுவர் தலையெங்கும் கண்களைக் காண்கின்றனர். வைகாசியில் மீண்டும் வருவதாகச் சொல்லி அவள் மறைகிறாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் கடலிலே தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கு எரிக்கப்படுகிறது.

வந்தவள் நகரொன்றை எரித்தவள். பழிவாங்கும் பெண்ணுக்குரிய அச்சம் அனைத்தும் அவள்பால் உண்டு. அவளை அடக்க மந்திரவாதியில்லை, முனிவரில்லை, ஒளவை போன்ற புலமையாட்டியும் இல்லை. மாடு மேய்க்கும் பிள்ளைகளே இருந்தனர். அவர்கள் செய்தது மூன்று: தங்க இடம் அளித்தனர், உணவளித்தனர், தலையைத் தொட்டுப் பேன் பார்த்தனர். சிலப்பதிகாரத்திற் பாண்டியன் அவையிற் சிலம்பை உடைத்து வழக்குரைத்த பெண்ணுக்கு, அவ்வவை தராத ஒன்றை நந்திக்கடலோரத்துக் கொட்டில் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுகநாவலரின் சைவச் சீர்திருத்தம் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தபின் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன்களின் பெயரை ஏற்றன. வன்னியும் மட்டக்களப்பும் அப்பெயரைக் கைவிடவில்லை. வன்னியார் அவளை வெறும் தெய்வமாக அன்றி விருந்தாளியாகவும் கொண்டமை இதற்கு ஒரு காரணமாகலாம்.

இம்மரபு நவீன வன்னி இலக்கியத்தில் என்னவாயிற்று? அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காட்டின் தனிமையும் அச்சமும் அதில் உள, ஆவி இல்லை. அந்நாவலுக்கு ஆவி தேவைப்படவுமில்லை. ஆயின் 1984 இறுதியில் அவ்வூர் மக்களே விரட்டப்பட்டனர். நாவலிற் குடியிருந்த ஊர் நிலத்திற் பாழாயிற்று. 2008–2009இல் வன்னி முழுவதுமே நகர்ந்து சென்று நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே ஒடுங்கியபோது, பின்னால் விடப்பட்ட வீடுகளும் கடைகளும் தவறணைகளும் பாடசாலைகளும் எண்ணிலடங்கா. பேய்க்கதைக்கு வேண்டிய பாழிடமும் கொடுஞ்சாவும் இந்நிலத்தில் முன்னெப்போதும் இவ்வளவில் இருந்ததில்லை. எனவே போருக்குப் பின் எழுதப்புகுவோர் பாழடைந்த கட்டடம் ஒன்றில் ஆவியைக் குடியமர்த்த விழைதல் இயல்பே. அவ்விழைவையே இங்கு ஐயுறவேண்டியுள்ளது.

ஷெஹான் கருணாதிலகவின் 2022ஆம் ஆண்டு புக்கர் பரிசு பெற்ற ஆங்கில நாவல், கொழும்பில் மாண்ட நிழற்படக்காரன் ஒருவனின் ஆவியைக் கதைத்தலைவனாகக் கொண்டது. ஏழு இரவுக்குள் தன்னைக் கொன்றவர் யாரென அறிவதே அவன் பாடு. பழிவாங்கலுக்கு ஆள் சேர்க்கும் ஆவியும் அதில் வருகிறது. மாண்டோர் வரிசையில் நின்று படிவம் நிரப்பும் அலுவலகமாக மறுவுலகைக் காட்டியது அந்நாவலின் அருஞ்சாதனை. இலங்கையின் அரச அலுவலகங்களை அறிந்தோர் அங்கே சிரிப்பர், பின்னர் சிரிப்பு அடங்குவர். எனினும் அதன் தலைவனுக்குத் தான் இறந்துவிட்டமை தெரியும். தொடக்கத்திலேயே அவன் சாவு உறுதி. மேற்கண்ட கதைகள் அனைத்துக்கும் பொதுவான முன்னிபந்தனை இதுவே: பேயாவதற்கு முதலில் இறந்திருக்கவேண்டும், இறந்தமை யாவரும் ஒப்பியதாய் இருக்கவேண்டும். அரசகுமாரியின் உடல் சாவடியிற் கிடந்தது. ஓலையைப் படித்தவன் யார், மனைவியைக் கொன்றவன் யார் என்பதும் கதை அறிந்ததே.

வன்னியில் இந்நிபந்தனை நிறைவேறவில்லை. இறுதிப் போரிற் கையளிக்கப்பட்டோரும் பிடித்துச் செல்லப்பட்டோரும் உயிரோடிருக்கின்றனரா என்பதே வழக்கு. அவர்தம் உறவினர் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிற் கொட்டகையிட்டு அமர்ந்தனர். சில நாட்களில் வவுனியாவிலும் அத்தகைய போராட்டம் எழுந்தது. மாதங்கள் ஆண்டுகளாயின, விடை காணாமலே மாண்ட பெற்றோர் பலர். 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் காணாமற்போனோர் அலுவலகம் நிறுவப்பட்டது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக ஒருவர் காணப்படவில்லை என்பதையே பதிவுசெய்யும் சான்றிதழுக்கு வழிவகுத்தது. தாய்மார் பலர் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தமை அறியாமையால் அன்று. வாங்குதல் வழக்கை மூடுதலாகும் என்பதை அறிந்தமையால். அச்சான்றிதழை அவர்கள் மறுத்திருக்க, கதாசிரியன் ஒருவன் காணாமற்போன இளைஞனைப் பாழ்த்தவறணையிற் பேயாக உலவவிடுவானாயின், அவன் செய்வது யாது? அரசு எழுதிக்கொடுத்தும் அவர்கள் வாங்காத காகிதத்தைக் கற்பனையால் எழுதி அவர்கள் கையிற் திணிப்பதேயாகும். அவன் நோக்கம் தூயதாயிருக்கலாம். கொன்றவரைப் பழிவாங்கும் ஆவியைக் காட்டித் தன் சினத்தை ஆற்றியிருக்கலாம். சினம் ஆறுவது அவனுக்கே.

இதனால் வன்னியிற் பேய்க்கதை எழுதலாகாது என்பது பெறப்படாது. பிணங்கள் கண்ணெதிரே கிடந்த சாவுகளும் அங்கே ஆயிரக்கணக்கில் நிகழ்ந்தன. அவற்றுக்குப் பழைய வடிவம் இன்றும் பொருந்தும். காணாமல் ஆக்கப்பட்டோரின் கதைக்கோ சாவடிப்பேய் பொருந்தாது. அக்கதையில் ஓலை எழுதியவள் சாகவில்லை. சாலையோரக் கொட்டகையில் நிழற்படத்தோடு அமர்ந்து, எழுதிக்கொண்டேயிருக்கிறாள். ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பிய முறைப்பாடுகளின் படிகள் பிளாத்திக்குப் பையில் அவள் மடிமீது உள்ளன. படிக்கத் தெரியாதவன் கையிலும் படித்துப் பொருளை மறைத்தவன் கையிலும் போய்ச்சேர்ந்த ஓலையின் பகுதி மட்டுமே பழங்கதையிலிருந்து இங்கே எடுத்தாளத்தக்கது. பேயின் பகுதி அன்று. எழுத்தாளன் எந்தப் பாத்திரத்தை ஏற்கிறான் என்பதும் அங்கேயே தெரியவரும். ஓலையின் பொருளை அவளுக்காகத் தானே முடிவுசெய்து சொல்பவன், எத்துணை இரக்கமுடையவனாயினும், தெருவில் நின்ற அம்மனிதனின் இடத்திலேயே நிற்கிறான்.

வற்றாப்பளைச் சிறுவர் கிழவியை யாரென்று கேட்டதாக ஐதிகம் சொல்லவில்லை. வைகாசி, மே நடுப்பகுதியிற் பிறக்கிறது. அம்மாதத் தொடக்கத்தில், மே 18ஐ ஒட்டிய நாட்களில், தெருவோரம் அடுப்பு மூட்டி உப்பிட்ட அரிசிக்கஞ்சி காய்ச்சி, வழிச்செல்வோர் யாவர்க்கும் வார்க்கின்றனர். முள்ளிவாய்க்காற் கஞ்சி என்பது அதற்குப் பெயர். அதே மாதத்தில், அதே நந்திக்கடலின் மறுகரையில், கடல்நீர் விளக்கோடு கண்ணகிக்குப் பொங்கல் நடைபெறுகிறது.